நெட்டையும் குட்டையும்

"கள்ளனை நம்பினாலும் குள்ளனை நம்பாதே" என்று ஒரு பழமொழி நம்மிடையே வழங்கி வருகிறது. அதை முதலில் சொன்னவர் நிச்சயம் ஒரு நெட்டையராகத்தான் இருந்திருப்பார். குட்டையானவர்களும் சும்மா இருந்துவிடவில்லை. நெட்டையனுக்குப் புத்தி முழங்காலில் என்று பதில் கொடுத்து விட்டார்கள். இந்த வழக்கில் நான் எந்தக் கட்சி என்று வாசகர்கள் கேட்கலாம். என் உயரம் 5 அடி 4 அங்குலம். என் தலைமுறையில் பிறந்த இந்திய ஆண்மகனின் சராசரியை ஒட்டிய உயரம்தான் அது. இருந்தாலும் பள்ளிக்கூடத்தில் என்னை எல்லாரும் குட்டையன் என்றுதான் கூப்பிட்டார்கள். சராசரி என்பது யாருக்கும் தெரியாமல் இருந்துகொண்டு, எல்லார் தலையிலும் குட்டுகிற ஒரு சங்கதி.

எங்கள் அப்பத்தாவுக்கு மனித உயரத்தைப் பற்றித் திட்டமான ஒரு சரித்திரக் கொள்கை இருந்தது. முதல் யுகத்தில் மனிதர்கள் பனைமர உயரம் இருந்தார்களாம். யுகத்துக்கு யுகம் தேய்ந்து தேய்ந்து இப்படி ஆகிவிட்டார்களாம். கலி முற்றும்போது கத்தரிச் செடியில் காய் பறிப்பதற்கு ஏணி வைத்து ஏறுவார்களாம். திண்டுக்கல் மலைக்கோட்டையின் நிழல் நீண்டு வருகிற சாயங்கால வேளையில், திண்ணையில் காலை நீட்டிக்கொண்டு அவள் இதைச் சொல்லும்போது, எங்கள் வீட்டுக் கத்தரிச் செடியை நான் கொஞ்சம் பயத்தோடுதான் பார்ப்பேன்.

இன்னொரு கதையும் உண்டு. அந்தக் காலத்து மனிதர்களுக்குச் சாவே வராதாம். வயது ஆக ஆகச் சுருங்கிக்கொண்டே போவார்களாம். விளக்கு வைக்கும் மாடக்குழியில் தூக்கி உட்கார்த்தி வைக்கிற அளவுக்குச் சுருங்கிப் போனதும், பேரன் பேத்திகள் ஒரு பெரிய தாழியில் சோறும் தண்ணீரும் வைத்து, அவர்களையும் உள்ளே இறக்கி மூடி விடுவார்களாம். அதுதான் முதுமக்கள் தாழி. தமிழ்நாட்டில் தாழி கிடைக்கிற ஊரில் எல்லாம் இந்தக் கதையும் கிடைக்கும். பழனி மலைப் பக்கம் போனால் அங்கே பலகைக் கல்லை நிறுத்தி, மேலே ஒரு கல்லை மூடி வைத்த சிறு சிறு அறைகள் இருக்கின்றன. அவை குள்ளர்கள் குடியிருந்த வீடுகள் என்று எங்களுக்குச் சொன்னார்கள். இந்த மலைகளில் உள்ள கல்லறைகளை எல்லாம் ஆங்லேட், நியூட்டன் என்ற இரண்டு பாதிரிமார் காடு மேடாக அலைந்து அளந்தார்கள். அவர்களுடைய நூலை இந்தியத் தொல்பொருள் ஆராய்ச்சித் துறை 1928-ல் வெளியிட்டது. அவை வீடுகள் அல்ல; செத்தவர்களுக்கான இடங்கள். அவற்றை எழுப்பியவர்கள் குள்ளர்களும் அல்ல. அவ்வளவு பெரிய பலகைக் கல்லைப் புரட்டித் தூக்கி நிறுத்தியவர்கள் நம்மைப் போன்ற ஆட்களாகத்தான் இருக்க வேண்டும்.

"பனைமர உயரம் இருந்தார்கள் என்கிறாய், குள்ளர் வீடு என்றும் சொல்கிறாயே, எது நிஜம் அப்பத்தா?" என்று ஒரு நாள் கேட்டுவிட்டேன். "அது வேற யுகம்டா, இது வேற யுகம்" என்று முடித்துவிட்டாள். ஆராய்ச்சியாளர்கள்கூட இவ்வளவு சுலபமாகத் தப்பித்துக்கொள்ள முடியாது.

ஆனால் மாடக்குழிக் கதையில் ஒரு குந்துமணி உண்மை இருக்கிறது. நாற்பது வயதுக்கு மேல் மனிதன் பத்தாண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில் குறையத்தான் செய்கிறான். எழுபதுக்கு மேல் இன்னும் வேகமாகக் குறைகிறான். முதுகெலும்பின் வட்டுகள் வற்றுகின்றன, எலும்பு மெலிந்து அமுங்குகிறது, முதுகு வளைகிறது. வருஷக் கணக்கில் நடப்பது போலவே தினக்கணக்கிலும் ஒன்று நடக்கிறது. இரவெல்லாம் படுத்திருக்கும்போது அந்த வட்டுகள் நீரை உறிஞ்சிப் புடைக்கின்றன. காலையில் எழுந்திருக்கும்போது நாம் எல்லாரும் சாயங்காலத்தைவிட ஒரு சென்டிமீட்டருக்கு மேல் உயரமாக இருக்கிறோம்.

இந்த விஞ்ஞானம் என் சித்தப்பா மகனுக்கு யார் மூலமாகவோ தெரிந்துவிட்டது. அவனுக்கு ஊர் சிறுமலை அடிவாரத்தில். 1960-களின் நடுவில் சீருடை உத்தியோகம் ஒன்றுக்குத் திண்டுக்கல்லில் ஆள் எடுத்தார்கள். அவனுக்கு எல்லாத் தகுதியும் இருந்தது. உயரம் மட்டும் அரை அங்குலம் குறைவு. ஆறு மாதம் புளியமரக் கிளையில் தொங்கிப் பார்த்தான். மரம்தான் வளர்ந்தது. கடைசியில் ஒரு யோசனை செய்தான். தேர்வு நாளன்று விடியற்காலையில் படுத்த பாயோடு அவனை நாலு பேர் தூக்கி மாட்டுவண்டியில் கிடத்தினார்கள். நிமிர்ந்து உட்காராமல், வானத்தைப் பார்த்தபடியே பத்து மைல் பிரயாணம் செய்து திண்டுக்கல் வந்து சேர்ந்தான். வழியில் எதிர்ப்பட்டவர்கள் எல்லாம் யாரோ நோயாளி என்று நினைத்து விலகி வழி விட்டார்களாம். மைதானத்தில் இறங்கி வரிசையில் நின்றான். வரிசை நகர இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது. ராத்திரி சேர்த்த உயரத்தில் பெரும் பங்கு, எழுந்து நின்ற முதல் ஒன்றிரண்டு மணி நேரத்திலேயே போய்விடும் என்று அவனுக்குச் சொல்லிக் கொடுத்தவர் சொல்லவில்லை. கால் அங்குலத்தில் போயிற்று உத்தியோகம். பிறகு அவன் பூட்டுப் பட்டறையில் வேலை கற்றுக்கொண்டு நல்ல தொழிலாளியாக இருந்தான். ஆனாலும் யாராவது நெட்டையாக ஒருவர் வீட்டுக்கு வந்தால், அவரைத் தலையிலிருந்து கால்வரை ஒரு தரம் பார்த்துவிட்டுத்தான் உள்ளே கூப்பிடுவான்.

மனிதனை உயரம் பார்த்து எடுக்கிற இந்த வழக்கம் நமக்கு எங்கிருந்து வந்தது? பட்டாளத்திலிருந்துதான். ஐரோப்பாவில் அரசர்கள் பெரிய பெரிய படைகளைக் கட்டத் தொடங்கிய பதினெட்டாம் நூற்றாண்டில் அளவுகோல் முக்கியமாயிற்று. நீளமான துப்பாக்கியின் வாய்வழியே மருந்தைக் கெட்டிப்பதற்குக் கை எட்ட வேண்டுமே! பிரஷ்ய அரசன் முதலாம் பிரடெரிக் வில்லியமுக்கோ அது பைத்தியமாகவே ஆகிவிட்டது. தேசதேசமாக ஆள் அனுப்பி ராட்சதர்களைப் பிடித்து வந்து ஒரு தனிப்படை வைத்திருந்தான். திண்டுக்கல் கோட்டை 1792-ல் திப்புவின் கையிலிருந்து கும்பினியாரின் கைக்கு வந்தபோது, அந்தக் கும்பினிப் பட்டாளத்தோடு அளவுகோலும் வந்து சேர்ந்தது. சென்னைப் படையின் சிப்பாய்கள் வங்காளப் படைச் சிப்பாய்களைவிட உருவத்தில் சிறியவர்கள். அதைப் பார்த்துப் பார்த்து வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு ஓர் இளக்காரம் பிறந்தது. 1881 முதல் 1885 வரை சென்னைப் படைக்குத் தலைவராக இருந்த ராபர்ட்ஸ் துரை, பிறகு இந்தியா முழுவதற்கும் தளபதியானதும், வடமேற்கேதான் வீரஜாதியார் இருக்கிறார்கள் என்று சொல்லித் தெற்கத்தியாரைப் படையில் குறைத்துக்கொண்டே போனார். அதே துரை கூர்க்காக்களைத் தலையில் வைத்துக்கொண்டு ஆடினார். கூர்க்காக்கள் நம்மைவிட நெட்டையா என்று அவரை அப்போது யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

பட்டாளத்தைத் தொடர்ந்து பண்டிதர்கள் வந்தார்கள். 1885-ல் சென்னை மியூசியத்துக்குத் தலைவராக வந்த எட்கர் தர்ஸ்டன், ஜனங்களை அளப்பதையே வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டவர். தலை, மூக்கு, தோள், உயரம் ஒன்றையும் விடமாட்டார். ரங்காச்சாரியின் உதவியோடு அவர் தொகுத்த தென்னிந்திய ஜாதிகளும் குடிகளும் பற்றிய ஏழு பாகங்கள் 1909-ல் வெளிவந்தன. அதன் முன்னுரையைப் படித்தால் சிரிப்பும் வருகிறது, மனசும் சங்கடப்படுகிறது. வயநாட்டில் பணியர் ஜாதிப் பெண்கள் அவரைக் கண்டதும் ஓட்டம் பிடித்தார்களாம். தங்களில் நல்லவர்களாகப் பார்த்துத் தோலுக்குள் பஞ்சடைத்து மியூசியத்தில் நிறுத்தப் போகிறார் என்று அவர்களுக்குப் பயம். நீலகிரியில் ஓர் இருளர். காட்டு யானை சம்பந்தமான ஏதோ பழைய குற்றத்துக்காகத் தேடப்படுகிறவர். அவர் உயரம் பார்க்கிற கம்பத்தைப் பார்த்துவிட்டு, இது தூக்குமரம், நான் கிட்டவே வரமாட்டேன் என்று மறுத்துவிட்டாராம்.

தர்ஸ்டனுக்கு இது வேடிக்கை. எனக்கு அந்த இருளரின் பேச்சில் நியாயம் இருப்பதாகவே படுகிறது. மூக்கின் அகலத்தைக் கொண்டு ஜாதியின் உயர்வு தாழ்வைச் சொல்லிவிடலாம் என்று ரிஸ்லி என்ற இன்னொரு துரை அந்தக் காலத்தில் சாதித்துக்கொண்டிருந்தார். அந்தச் சாஸ்திரம் பிற்பாடு நிற்க முடியாமல் சரிந்துவிட்டது. சரிந்ததே தவிர, அளக்கப்பட்டவர்களின் பெயரோடு ஒட்டிக்கொண்ட எண்கள் அப்படியே புத்தகத்தில் இருக்கின்றன. ஆனால் தர்ஸ்டன் கண்ட ஒரு விஷயம் கவனிக்கத் தக்கது. ஒரே நீலகிரியில், எருமைப் பாலை ஆகாரமாகக் கொண்ட தோடர்கள் வாட்டசாட்டமாக இருந்தார்கள். காட்டில் கிழங்கும் தேனும் தேடிப் பிழைத்த மக்கள் சிறு உருவமாக இருந்தார்கள். எங்கள் பழனி மலைப் பளியர்களும் அப்படித்தான். உலகத்தில் வேறு பல மழைக்காடுகளிலும் மனிதர்கள் சிறிய உருவம் கொண்டே இருக்கிறார்கள். கிடைக்கும் ஆகாரம் குறைவு என்பதாலா, புழுக்கத்தில் சின்ன உடம்பு சுலபமாகச் சூட்டை வெளியேற்றும் என்பதாலா, ஆயுள் குறைவான இடத்தில் சீக்கிரம் வளர்ச்சியை முடித்துப் பிள்ளை பெறுவது நல்லது என்பதாலா என்று பண்டிதர்கள் இன்னமும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள்.

தர்ஸ்டனைப் போல ஆராய்ச்சி நோக்கம் எதுவும் இல்லாமல், வெறும் குமாஸ்தாக்கள் எழுதி வைத்த உயரங்கள் வேறு சில இருக்கின்றன. அவைதான் எனக்கு அதிகமாக நெஞ்சைத் தொடுகின்றன. பீஜித் தீவின் கரும்புத் தோட்டங்களுக்கு 1879 முதல் 1916 வரை சுமார் 60,000 பேர் ஒப்பந்தக் கூலிகளாக நம் தேசத்திலிருந்து போனார்கள். 1903 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் கப்பல்கள் போயின. ஒவ்வொருவருக்கும் ஒரு சீட்டு எழுதினார்கள். பெயர், தகப்பன் பெயர், வயது, ஜாதி, ஜில்லா, கிராமம், உடம்பில் உள்ள வடு அல்லது மச்சம், அப்புறம் உயரம், இத்தனை அடி இத்தனை அங்குலம் என்று. தோட்டத்திலிருந்து ஓடிப்போனால் பிடிப்பதற்கு அடையாளம் வேண்டும், அதற்காகத்தான் அளந்தார்கள். போட்டோ பிடிக்காத ஏழைகளின் உருவம் என்று நமக்கு மிஞ்சியிருப்பது அந்த ஒரு வரிதான். 1994-ல் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பிரென்னன், மக்டொனால்ட், ஷ்லோமோவிட்ஸ் என்ற மூன்று ஆராய்ச்சியாளர்கள், கடல் கடந்து போன கூலிகளின் உயரங்களைக் கொண்டு, வெள்ளைக்காரர் ஆட்சியில் தென்னிந்தியரின் வாழ்வு எப்படி இருந்தது என்று கணக்கிட முயன்றார்கள். சம்பளக் கணக்கு இல்லாதவனுக்கும் எலும்புக் கணக்கு உண்டு அல்லவா!

ஆம், உயரம் ஒரு சரித்திர ஆவணம். பிரான்சில் வில்லெர்மே என்ற வைத்தியர் 1829-லேயே இதைக் கண்டுகொண்டார். பட்டாளத்துக்கு அளக்கப்பட்ட இளைஞர்களின் கணக்கை வைத்துக்கொண்டு, செழிப்பான பிரதேசத்துப் பிள்ளைகள் உயரமாகவும் வறிய பிரதேசத்துப் பிள்ளைகள் குட்டையாகவும் இருப்பதைக் காட்டினார். காற்றும் தண்ணீரும் அல்ல, வறுமைதான் காரணம் என்று வாதித்தார். இன்றைக்கு உலகத்தில் மிக உயரமான ஆண்கள் டச்சுக்காரர்கள். சராசரி 182 சென்டிமீட்டருக்கு மேல். அவர்களுடைய பாட்டன் பூட்டன்மார் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் 165 சென்டிமீட்டர் அளவில்தான் இருந்தார்கள். அப்போது ஐரோப்பாவிலேயே குட்டையானவர்களில் அவர்களும் சேர்த்தி! அமெரிக்காவிலோ சுதந்தரப் போர் நடந்த காலத்திலேயே சிப்பாயின் சராசரி 5 அடி 8 அங்குலம். நிலம் விஸ்தாரம், பாலுக்கும் இறைச்சிக்கும் குறைவில்லை. தென் கொரியாவில் 1896-ல் பிறந்த பெண்களைவிட 1996-ல் பிறந்த பெண்கள் 20 சென்டிமீட்டர் உயரம். நூறு வருஷத்தில் ஒரு ஜாண்! இதே நூறு வருஷத்தில் இந்தியர்கள் வளர்ந்தது 5 சென்டிமீட்டருக்கும் குறைவு. 1996-ல் பிறந்த நம் ஆண்களின் சராசரி ஏறக்குறைய 165, பெண்களின் சராசரி ஏறக்குறைய 153.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். உயரம் வம்சத்தில் வருவது அல்லவா? நெட்டைத் தகப்பனுக்கு நெட்டைப் பிள்ளை பிறப்பதைத்தானே பார்க்கிறோம்? உண்மைதான். இங்கிலாந்தில் கால்ட்டன் என்ற அறிஞர் 205 குடும்பங்களில் வளர்ந்த பிள்ளைகளை அளந்து 1886-ல் இதை எழுதினார். மிக உயரமான பெற்றோருக்குப் பிறக்கும் பிள்ளைகள் உயரமாகத்தான் இருக்கிறார்கள். ஆனால் பெற்றோர் அளவுக்கு இல்லாமல் சராசரிப் பக்கம் கொஞ்சம் இறங்கி வருகிறார்கள் என்று கண்டார். 2022-ல் சுமார் 54 லட்சம் பேரின் மரபணுக்களைச் சோதித்து, உயரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டியும் குறைத்தும் வைக்கிற 12,000-க்கு மேற்பட்ட இடங்களைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். வசதியான ஒரு சமூகத்துக்குள் ஆளுக்கு ஆள் உள்ள வித்தியாசத்தில் ஐந்தில் நாலு பங்குக்கு வம்சம்தான் காரணம் என்கிறார்கள்.

அப்படியானால் டச்சுக்காரர்களின் வம்சம் நூற்றைம்பது வருஷத்தில் மாறிவிட்டதா? இதற்கு விடை எனக்குப் புத்தகத்தில் கிடைப்பதற்கு முன்பே வேடசந்தூர்ப் பக்கத்துப் புகையிலைக் கொல்லையில் கிடைத்தது. என் தகப்பனார் புகையிலைக் கிட்டங்கி ஒன்றில் கணக்கு எழுதினார். கொல்லைக்குப் போகும்போது சில சமயம் என்னையும் கூட்டிப் போவார். ஒரே நாற்றங்காலில் முளைத்த நாற்றைத்தான் கிணற்றடிக் கொல்லையிலும் நடுவார்கள், இறைப்பு எட்டாத மேட்டுக் கொல்லையிலும் நடுவார்கள். கிணற்றடிக் கொல்லைக்குள் ஒரு செடி என் மார்புக்கு வரும். பக்கத்துச் செடி கழுத்துக்கு வரும். ஒரே தண்ணீர், ஒரே எரு. அங்கே வித்தியாசம் விதையில். மேட்டுக் கொல்லையிலும் அதே மாதிரி செடிக்குச் செடி வித்தியாசம் உண்டு. ஆனால் அங்கே நெட்டைச் செடியே என் இடுப்புக்குத்தான் வரும். கொல்லைக்கும் கொல்லைக்கும் உள்ள இந்த வித்தியாசம் விதையில் இல்லை, கிணற்றில் இருக்கிறது. வம்சம் ஐந்தில் நாலு பங்கு என்று சொல்வது ஒரு கொல்லைக்குள் சரி. அதை வைத்துக்கொண்டு இரண்டு கொல்லைகளுக்குத் தீர்ப்பு எழுதினால், ராபர்ட்ஸ் துரை செய்ததைத்தான் நாமும் செய்வோம்.

மனிதர்களை வைத்தே இதைச் சோதித்தும் பார்த்துவிட்டார்கள். உலக சுகாதார ஸ்தாபனம் 1997 முதல் 2003 வரை ஆறு தேசங்களில் குழந்தைகளை அளந்தது. பிரேசில், கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா, நம் இந்தியா. இந்தியாவில் தெற்கு டெல்லி. தாய்ப்பால், தடுப்பூசி, சுத்தமான வீடு, நோய்க்குச் சிகிச்சை எல்லாம் கிடைக்கிற குழந்தைகளாகப் பார்த்து எடுத்தார்கள். ஐந்து வயது வரையில் டெல்லிக் குழந்தைகளும் ஆஸ்லோக் குழந்தைகளும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வளர்ந்தார்கள். கௌதமாலாவின் மாயா இந்தியர்கள் உலகத்திலேயே மிகக் குட்டையானவர்களில் சேர்ந்தவர்கள். அவர்கள் அமெரிக்காவில் குடியேறிப் பெற்ற பிள்ளைகள், ஊரில் உள்ள அதே வயதுப் பிள்ளைகளைவிட 10 சென்டிமீட்டருக்கு மேல் உயரமாகிவிட்டார்கள். ஒரு தலைமுறைக்குள் விதை மாறாது.

எலும்பு வளர்வது இரு முனைகளிலும் உள்ள இளசான தட்டுகளில். பருவம் முற்றியதும் அந்தத் தட்டுகள் எலும்பாகி மூடிக்கொள்கின்றன; அதன் பிறகு புளியமரத்தில் தொங்கிப் பிரயோஜனம் இல்லை. பிறந்த முதல் வருஷத்தில் குழந்தை 25 சென்டிமீட்டர் வளர்கிறது. இந்த வேகம் பிறகு ஒருபோதும் வருவதில்லை. தாயின் வயிற்றில் இருக்கும் மாதங்களும் முதல் இரண்டு வருஷங்களும் சேர்ந்த சுமார் ஆயிரம் நாட்களில் நேரும் நஷ்டத்தைப் பின்னால் முழுவதும் ஈடுகட்டுவது மிகவும் கஷ்டம். உண்ட சோறெல்லாம் உயரமாகிவிடுவதும் இல்லை. ஓயாமல் வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் கொக்கிப்புழுவும் வந்தால், உடம்பு அந்தச் சோற்றைச் சண்டைக்குச் செலவிட்டுவிடுகிறது. வீட்டுக்குக் கக்கூஸ் இருப்பதற்கும் பிள்ளையின் உயரத்துக்கும் சம்பந்தம் உண்டு என்று அப்பத்தாவிடம் சொல்லியிருந்தால் என்னை அடிக்கவே வந்திருப்பாள்.

எங்கள் சீமை பஞ்சம் பார்த்த சீமை. 1876-ல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சத்தின்போது திண்டுக்கல் மதுரை ஜில்லாவில் சேர்ந்திருந்தது. சென்னை ராஜதானி முழுவதும் லட்சக்கணக்கில் ஜனங்கள் மாண்டார்கள். நிவாரணச் செலவைக் குறைப்பதற்காக வைசிராயின் சர்க்கார் அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள் துரை, கல் உடைத்து மண் சுமக்கும் கூலிக்கு நாள் ஒன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் சில்லறைக் காசும் போதும் என்று 1877-ல் ஏற்பாடு செய்தார். சென்னையின் சுகாதாரக் கமிஷனராக இருந்த டாக்டர் கார்னிஷ், இதில் ஓர் ஆள் வேலையும் செய்து உயிரோடும் இருக்க முடியாது என்று வெளிப்படையாகச் சண்டை பிடித்தார். சில மாதங்களுக்குப் பிறகு அளவு கூட்டப்பட்டது. உடம்புக்கு எவ்வளவு சோறு வேண்டும் என்று நம் நாட்டில் நடந்த முதல் பெரிய வாதம் அதுவாகத்தான் இருக்கும். பட்டினி கிடந்தவர்களை அதில் யாரும் கேட்கவில்லை.

பிற்காலத்தில் நல்ல காரியங்களும் நடந்தன. அதையும் சொல்ல வேண்டும். 1947-ல் டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் சின்னாளபட்டிக்குப் பக்கத்தில் காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். பிரசவத்துக்கும் குழந்தைகளுக்குமாக ஆரம்பித்த சிறு வைத்திய நிலையம் கஸ்தூரிபா ஆஸ்பத்திரியாக வளர்ந்தது. 1956-ல் காமராஜர் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு போட ஏற்பாடு செய்தார். 1982-ல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். பிறகு முட்டை வந்தது. 2022-ல் காலைச் சிற்றுண்டியை மதுரையில் தொடங்கி வைத்தார்கள். 2019 முதல் 2021 வரை எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கின்படி, ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் இந்தியாவில் நூற்றுக்கு 35 பேருக்கு மேல், தமிழ்நாட்டில் 25. நாலில் ஒரு குழந்தை! மற்றவர்களைவிட நாம் மேல் என்று மார்தட்டிக்கொள்வதா, வெட்கப்படுவதா என்று எனக்குத் தெரியவில்லை. இதற்கு நடுவில் நம் போலீஸ் உத்தியோகத்துக்கு ஆண்களுக்குப் பொதுவாக 170 சென்டிமீட்டர் வேண்டும் என்கிறார்கள். பட்டியல் இனத்தாருக்கும் பழங்குடியினருக்கும் 167. சராசரி இந்தியன் எந்த வரிசையில் போய் நின்றாலும் தேற மாட்டான். என் தம்பி மாட்டுவண்டியில் படுத்துக்கொண்டு வந்ததைப் பற்றி நான் இப்போதெல்லாம் சிரிப்பதில்லை.

இந்த விஷயங்களை எல்லாம் நான் தேடித் தேடிப் படித்ததற்கு ஒரு காரணம் உண்டு. திண்டுக்கல்லில் எங்கள் பழைய வீட்டை விற்பதென்று முடிவாகிச் சாமான்களை ஒழித்துக்கொண்டிருந்தோம். நடுவாசல் நிலையில் வருஷா வருஷம் தைப் பொங்கலன்று அப்பா எங்களை நிறுத்தி, தலைமட்டத்தில் பேனாக்கத்தியால் கோடு கிழித்து, பக்கத்தில் எழுத்தும் வருஷமும் செதுக்கி வைப்பார். நான் மூத்தவன். அடுத்தது என் தம்பி. மூன்றாவது தங்கை. பல வருஷம் பூசிய வர்ணத்தைச் சுரண்டியதும் கோடுகள் எல்லாம் வெளியே வந்தன. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சேர்த்துப் பார்த்தேன். நான் எட்டு வயதில் நின்ற இடத்தில் தம்பி எட்டரை வயதில் நிற்கிறான். தங்கை அதே கோட்டுக்கு வருவதற்குப் பத்து வயதாகியிருக்கிறது.

ஒரே தாய் தகப்பன், ஒரே அடுப்பு, ஒரே அரிசி. ஆனால் அந்தச் சமையலறையின் சட்டம் எனக்கு மறந்துவிடவில்லை. முட்டை வந்தால் எனக்கு, மிஞ்சினால் தம்பிக்கு. பசும்பால் கால் படி வாங்குவார்கள். மூத்த பிள்ளை படிக்கிறான் என்று முக்கால் பங்கு என் டம்ளரில் விழும். தங்கை அம்மாவோடுதான் சாப்பிடுவாள். அம்மா எல்லாரும் சாப்பிட்ட பிறகுதான் சாப்பிடுவாள். இதை யாரும் கொடுமை என்று நினைத்துச் செய்யவில்லை. நினைக்காததனால்தான் அவ்வளவு ஒழுங்காக நடந்தது.

2017-ல் சீமா ஜெயச்சந்திரன், ரோகிணி பாண்டே என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் எழுதியதைப் பின்னால் படித்தேன். ஆப்பிரிக்காவின் பல நாடுகள் நம்மைவிட ஏழை. ஆனாலும் அங்கே குழந்தைகள் நம் குழந்தைகளைவிட உயரம். ஏன் என்று அவர்கள் ஆராய்ந்தார்கள். இந்தியாவில் முதல் பிள்ளை ஆப்பிரிக்காவின் முதல் பிள்ளைக்குக் குறைந்ததில்லை. இரண்டாவது பிள்ளையில் இறக்கம் தொடங்குகிறது. மூன்றாவதில் இன்னும் இறங்குகிறது. மூத்த ஆண்பிள்ளை மேல் குடும்பம் வைக்கிற ஆசைதான் இதற்குப் பெரிய காரணம் என்று கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். தட்டில் விழும் சோறு மட்டுமல்ல. அடுத்தடுத்த கர்ப்பங்களில் தாய்க்குக் கிடைக்கிற கவனிப்பே குறைந்துகொண்டு வருகிறதாம். படித்துக்கொண்டு வந்தபோது, அவர்கள் எங்கள் வீட்டு நடுவாசல் நிலையைப் பார்த்துத்தான் எழுதியிருக்கிறார்களோ என்று இருந்தது.

வீடு ஒழித்த அன்று தங்கையும் நாகல் நகரிலிருந்து வந்திருந்தாள், பதினாலு வயதுப் பேத்தியையும் கூட்டிக்கொண்டு. அந்தப் பெண் நிலையில் சாய்ந்து நின்று, "தாத்தா, நான் எங்கே இருக்கேன் பாருங்க" என்றாள். என் பதினாலாவது வயதுக் கோடு அவள் காதுக்கு நேரே இருந்தது. அவளுக்கு ஒரே சந்தோஷம். நானும் சிரித்தேன். ஆனால் தங்கையின் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை. எதையாவது சொல்ல வேண்டுமே என்று, "உன் பால் எல்லாம் நான்தான் குடிச்சிருக்கேன் போலிருக்கு" என்றேன்.

அவள் நிலைக்குக் கிட்டே போய்த் தன் கோடுகளை விரலால் தடவிப் பார்த்தாள். பதினோரு வயதோடு அவை நின்றிருந்தன. அதற்குப் பிறகு பெண்பிள்ளையை நடுவாசலில் நிறுத்தி அளப்பது அப்பாவுக்குச் சரியாகப் படவில்லையோ என்னவோ. போதிய ஊட்டம் இல்லாத பெண்களுக்குப் பருவம் தாமதமாக வரும், வளர்ச்சியும் தாமதமாகத்தான் முடியும் என்று இப்போது எனக்குத் தெரியும்.

"பால் கிடக்கட்டும் அண்ணே" என்றாள் அவள். "நான் வளர்ந்ததே இதுக்கு அப்புறம்தான். கல்யாணம் ஆகிப் போன வருஷம்கூட வளர்ந்தேன். அவுங்க வீட்டு அம்மா ரெண்டு தரம் என் பாவாடைக்குக் கரை பிரிச்சு விட்டாங்க. அப்பாதான் அளக்கலை."